பனித்தளத்து நொச்சி மறவன்

உ
சிவமயம்

முன்னின்று காக்கும் முதல்வா எழுதுகோல்
என்னது நீயே எழுது.

பங்குனி 2, திங்கள்

விடியலில் தூறல். பிறகு வெயில். பிறகு மறுபடியும் தூறல். ஓக்லாந்து தன் குணத்தை மாற்றவில்லை.

அனுட்டானம், பூசை. செவ்வரத்தை மூன்றுதான் பூத்திருந்தன. இரண்டு சுவாமிக்கு. ஒன்று மனைவி நாகேஸ்வரியின் படத்துக்கு.

அவள் போய் ஓராண்டு. ஆட்டைத்திவசம் வருகிறது. சென்ற பங்குனி, வளர்பிறைத் தசமி. யாழ்ப்பாணப் பஞ்சாங்கம் பார்த்து அடுத்த வாரம் 13, வெள்ளிக்கிழமை என்று குறித்திருந்தேன். குருக்களுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"வெள்ளி அங்க. இங்க சனி. நாங்கள் நிக்கிற மண்ணுக்குத்தான் திதி பாக்கோணும், சிவபாதத்தார். பஞ்சாங்கம் பிளேன் ஏறி வராது."

கோயிலில் புராணம் படிக்கையில் பொருள் விரித்துப் பயன் சொல்லி வந்தவன் நான். எனக்கே இது தோன்றியிருக்க வேண்டும். 14, சனி என்று திருத்தினேன்.

"திவசம் செய்யிற கர்த்தா மகன்தானே? அவர் இப்ப எங்க?"

சுவீடனில் என்றேன். ஐஸ் ஹொக்கி ஆடுகிறான், அதுவே அவன் தொழில், மூன்றாம் பிரிவில் ஒரு சிறு நகரத்துக் குழு, தடுப்பாட்டக்காரன்.

"சம்பளத்துக்கோ?"

"ஓம் ஐயா, சம்பளத்துக்கு."

"அப்ப லீவு தருவினமோ?"

அதுதான் கேள்வி. குகனின் குழு (இனி அவனைக் கு. என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது) விலக்குச் சுற்றுக்கு வந்துவிட்டது. ஒரே எதிரியோடு மூன்று ஆட்டங்கள். இரண்டை வென்றவர் மேலே போவர். தோற்றால் கு. சனிக்கு முன் வீடு வந்து சேரலாம். வென்றால் உடனே அடுத்த சுற்று, வரவே இயலாது. இரண்டாம் பிரிவுக் குழுக்களின் ஆட்கள் வந்து பார்க்கும் காலமும் இதுவே. அவனுடைய ஒப்பந்தம் இந்தப் பருவத்தோடு முடிகிறது. இங்கே நன்றாக ஆடினால் மேற்பிரிவு. இல்லையேல் மறுபடியும் யாரேனும் கூப்பிடும்வரை காத்திருப்பு.

குருக்களிடம் "பாப்பம்" என்றேன்.

இரவுக்கு இடியப்பம். உறைந்த பொதி. பாதி மிஞ்சியது.

பங்குனி 3, செவ்வாய்

காற்று. பக்கத்து வீட்டார் ஒரு பை ஃபீஜோவாப் பழம் வாசலில் வைத்துப் போயிருக்கிறார்கள். ஒருவனுக்கு இத்தனை எதற்கு.

கு. காணொளியில் அழைத்தான். அங்கே இரவு. முகத்தைக் கண்டேன். தாடி. கன்னம் முழுவதும், கழுத்து வரைக்கும், கரிய தாடி. சின்ன வயதிலிருந்து முகத்தில் ஒரு மயிர் நிற்க விடாத பிள்ளை.

புரிந்துகொண்டேன். ஆட்டை முடியும்வரை மழிக்காமல், தாயின் திவசத்தன்று மழிக்க எண்ணியிருக்கிறான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கே கேட்டானோ, எதில் படித்தானோ. கேட்டால் அதன் பெருமை குறைந்துவிடும் என்று கேளாமல் விட்டேன்.

"சாப்பிட்டியோ?"

"ஓம் அப்பா. பாஸ்தா."

"குளிரோ?"

"மைனஸ் எய்ட். ஓகே. நீங்கள் மருந்து எடுக்கிறியளோ?"

"எடுக்கிறன்."

"தேர்ஸ்டே மோர்னிங் பாருங்கோ. நாங்கள் ரெட் ஜேர்சி."

மொத்தம் இவ்வளவுதான். போதும். அவன் தாயிடம் பேசினால் ஒரு மணி நேரம் பேசுவான். யாருடைய மட்டை முறிந்தது, யாருடைய முழங்கால் வீங்கியது, எல்லாம் அவளுக்குத் தெரியும். பையனாக இருந்த காலத்தில் விடியுமுன் அவனைப் பனித்தளத்துக்குக் கூட்டிச் சென்றவள் அவளே. போர்வை சுற்றிக்கொண்டு பலகையில் இருப்பாளாம், புட்டுப் பெட்டி மடியில். எனக்கு அப்போது பென்ரோஸில் இரவு வேலை.

மாலை குருக்களுக்குத் தாடிச் செய்தியைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"இந்தக் காலத்திலயும் இப்பிடி ஒரு பிள்ளையோ! சபையில சொல்லோணும்."

சொல்ல வேண்டாம் என்றேன். சொன்னால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன்.

பங்குனி 5, வியாழன்

மூடுபனி. மு.ப. 7க்கு ஆட்டம். அங்கே நேற்றைய மாலை. நாம் உண்டு முடித்த நாளை அவர்கள் அப்போதுதான் உண்கிறார்கள்.

பூசையை ஆறு மணிக்கு முன்னரே முடித்துக்கொண்டேன். சுவாமி பொறுப்பார்.

சேவியர் வந்தான். மன்னார்ப் பிள்ளை, கத்தோலிக்கன், பென்ரோஸில் குளிர்களஞ்சியத்தில் இரவு வேலை. வேலை முடிந்து போகிற வழியில் ஆட்ட நாட்களில் இங்கே இறங்குவான். தொலைக்காட்சியில் இந்த ஒளிபரப்பை வரச்செய்ததும் அவனே. கையில் பாண், முகத்தில் தூக்கம்.

"ராத்திரி முழுக்க ஐஸுக்க நிண்டிட்டு, விடிய வந்து ஐஸைப் பாக்கிறன் அண்ணை. என்ர மனுசி கேக்கிறா, உங்களுக்கு வேற வருத்தம் இல்லையோ எண்டு."

வருணனை சுவீடிஷ் மொழியில். ஒரு சொல்லும் விளங்காது. ஒன்று மட்டும் விளங்கும்: சிவபாதம். நம்மவர் வழக்கப்படி தந்தை பெயர் பிள்ளையின் பின்பெயர் ஆகிறது. அதையே முதுகில் எழுதிவிடுகிறார்கள். ஆகவே அந்தப் பனித்தளத்தில் கு.வை எவரும் குகன் என்று கூப்பிடுவதில்லை. அறியாத மொழி ஆறாக ஓடுகிறது. இடையில் என் பெயர் ஒரு கல்லைப் போலத் தலை தூக்குகிறது. "சிவபாதம்" என்று கேட்கும்போதெல்லாம் நாற்காலியில் நிமிர்கிறேன். ஏதோ செய்துவிட்டேன் போல.

புராணத்துக்குப் பயன் சொல்வோன் பனியாட்டத்துக்கும் சொல்லிப் பார்க்கிறேன். பழந்தமிழர் போரைப் பூக்களால் பிரித்தார்கள். மதிலை முற்றுபவன் சூடுவது உழிஞை. உள்ளே நின்று மதிலைக் காப்பவன் சூடுவது நொச்சி. காப்பவனுக்கும் ஒரு பூ உண்டு என்று நினைத்தார்களே, அதுவே நாகரிகம். இங்கே கோல் அடிப்பவனுக்குத்தான் ஆரவாரம், சங்கு, விளக்கு. தடுத்தவன் எழுந்து, தட்டிவிட்டு, மறுபடியும் போய் நிற்கிறான். கு. நொச்சி மறவன். ஆரவாரம் அவனுக்கு வராது. வந்தால் எங்கோ பிழை.

வென்றார்கள். மூன்றுக்கு ஒன்று.

ஆட்டம் முடிந்து இரு குழுவும் வரிசையில் நின்று கைகொடுத்தார்கள். தலைக்கவசங்கள் கழன்றன. அப்போது பார்த்தேன். கு.வுக்குத் தாடி. அவன் அருகில் நின்றவனுக்கும். கோல்காப்பாளருக்கு நெஞ்சு வரை சிவந்த தாடி. எதிரணிக்கும் தாடி. அவர்களைப் பயிற்றுவிக்கும் கிழவருக்கும் தாடி.

சேவியரிடம் கு.வின் விரதத்தைப் பற்றி ஆட்டம் தொடங்குமுன்தான் சொல்லியிருந்தேன். அவன் பாணை வாயருகே பிடித்தபடி திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"அண்ணை, அப்ப உந்த வெள்ளைக்காறர் எல்லாருக்கும் தாய் செத்துப்போச்சோ?"

பிறகு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். "ப்ளேஓஃப் தாடி அண்ணை. தோக்குமட்டும் ஒருத்தரும் வழிக்க மாட்டினம். அது அவங்கட நேத்திக்கடன்."

சிரித்தேன். சிரிக்க வேண்டியிருந்தது.

அவன் போனபின் கோப்பைகளைக் கழுவினேன். இரண்டு கோப்பைகள். குருக்களுக்குத் தொலைபேசி எடுத்து உண்மையைச் சொல்ல வேண்டும். இன்று வேண்டாம்.

பங்குனி 6, வெள்ளி

நல்ல வெயில். உடுப்புத் தோய்த்தேன். நியூ லின்னுக்கு ரயிலும் பஸ்ஸுமாகப் போய் எள், பச்சையரிசி, நெய் வாங்கினேன். தர்ப்பை குருக்கள் கொண்டுவருவார்.

கடையில் ஒரு தமிழ்நாட்டுப் பெண், பின்னால் நின்றவள், எள்ளைப் பார்த்துவிட்டு: "திதிங்களா அய்யா?"

"ஓம். மனைவிக்கு."

"பையன் வர்றாரா?"

"பாக்கிறம் பிள்ளை."

"வந்துடுவாருங்க. அம்மாவுக்குன்னா வராம இருப்பாங்களா?" பக்கத்தில் அவளுடைய குழந்தை ஆங்கிலத்தில் ஐஸ்கிரீம் கேட்டுக்கொண்டிருந்தது. நோ என்றாள். பிறகு வாங்கிக் கொடுத்தாள்.

மாலை, அங்கே விடிகிற நேரம் பார்த்து, கு.வுக்கு அழைத்தேன். கேட்டே விட்டேன்.

"அந்தத் தாடி எதுக்கு ராசா?"

"ப்ளேஓஃப்ஸ் அப்பா. எல்லாரும் வளக்கிறது. ஏன், கூடாதோ?"

"கூடும், கூடும். சும்மா கேட்டன்."

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அம்மாவுக்காக என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். சொல்லவில்லை என்பதற்காக அவனைக் குறை சொல்ல முடியவில்லை.

அந்தியில் விளக்கேற்றினேன். வேண்டுவதற்கு வாய் திறந்தேன். எதை வேண்டுவது? அவன் வெல்ல வேண்டுமென்றால், வர வேண்டாம் என்று வேண்டுகிறேன். வர வேண்டுமென்றால், தோற்க வேண்டும் என்று வேண்டுகிறேன். பல வருடம் பிள்ளையின்றி, கந்தசஷ்டி நோற்று, என் நாற்பத்தெட்டு வயதில் பெற்ற பிள்ளை. அவனுக்காக இதுவரை எதையும் தயங்காமல் கேட்டிருக்கிறேன். இன்று சொல் வரவில்லை. பதிகத்தை மட்டும் படித்துவிட்டு எழுந்தேன். பதிகத்தில் கேள்வி இல்லை, புகழ் மட்டுமே. அதுவே வசதி.

பங்குனி 7, சனி

கடும் மழை. கூரையில் சத்தம், வருணனை அரைகுறையாகத்தான் கேட்டது.

இரண்டாம் ஆட்டம். சேவியருக்கு இரட்டை வேலை, வரவில்லை. தனியே பார்த்தேன்.

இதை எழுதலாமா என்று மாலை வரை யோசித்தேன். எழுதுகிறேன். எழுதாமல் வைத்தால் அது வேறு எங்கோ போய் இருக்கும்.

இரண்டாம் பகுதியின் நடுவில் எதிரணி ஒருவன் மட்டையால் ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு வந்தான். கு. பின்னோக்கிச் சறுக்கி, மட்டையை நீட்டி, அவனை ஓரத்துக்குத் தள்ளப் பார்த்தான். அவன் உள்ளே வெட்டினான். கு.வின் கால்களுக்கிடையால் வட்டு போனது. கோல். வருணனையாளர் என் பெயரை நீட்டிச் சொன்னார், வருத்தத்தோடு. திரையில் கு. மண்டியிட்டபடி, முதுகு என் பக்கம், முதுகில் என் பெயர்.

எனக்குள் ஒரு மகிழ்ச்சி எழுந்தது.

மறைக்க இயலாத மகிழ்ச்சி. பிள்ளை வருகிறான் என்ற மகிழ்ச்சி. கைகூடத் தட்டிவிட்டது போலத் தோன்றியது. தட்டவில்லை. இருந்தாலும் கைகளைப் பார்த்தேன்.

தோற்றார்கள். இப்போது ஆளுக்கு ஒரு வெற்றி. திங்கள் மூன்றாவது.

மதியம் சமைக்கவில்லை. ஃபீஜோவா இரண்டு. நாகேஸ்வரியின் படத்துக்கு முன் இருக்க முடியவில்லை. அவள் என்றால் திரையை நோக்கிக் கத்தியிருப்பாள்: "குகன், கண்ணை வட்டில வையாத, அவன்ர நெஞ்சில வை!" தடுப்பாட்டக்காரனின் முதல் பாடம் அது. வட்டு ஏமாற்றும், நெஞ்சு போகும் பக்கமே ஆள் போவான். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பங்குனி 8, ஞாயிறு

மழை விட்டது. புல் வெட்டும் இயந்திரங்கள் எங்கள் லின்ஃபீல்ட் முழுவதும்.

குருக்களுக்கு எடுத்துத் தாடி உண்மையைச் சொன்னேன்.

"அப்ப விரதம் இல்லையோ?"

"விளையாட்டு வழக்கமாம் ஐயா."

"ம்." பிறகு, "நான் ரெண்டு பேருக்குச் சொல்லிப்போட்டன். பரவாயில்லை. நல்லதாத்தானே சொன்னம்."

பி.ப. வேறு எவரும் அழைக்கவில்லை. துக்க ஆண்டு என்பதால் திருவிழா இல்லை, புராணபடனம் இல்லை, கலியாண வீடு இல்லை. இந்த ஓராண்டில் நான் போகாத இடங்களுக்கெல்லாம் என்னைக் கூப்பிடுவதை மனிதர் மறந்தும் விட்டார்கள். ஆட்டை முடிந்ததும் நினைப்பார்களா தெரியாது.

பங்குனி 9, திங்கள்

தெளிந்த வானம். மூன்றாம் ஆட்டம். சேவியர் வேலையுடுப்போடே வந்தான், கையுறை பையில் தொங்க.

இன்று விளக்கேற்றி வேண்டினேன். "அவன் நன்றாக ஆடட்டும்." இவ்வளவுதான் கேட்டேன். முடிவைக் கேட்கவில்லை.

நன்றாக ஆடினான். நெஞ்சறிய எழுதுகிறேன். கடைசிப் பகுதியில் எதிரணியின் பலத்த அடி ஒன்றுக்கு முன் தன்னைக் கிடத்தினான். வட்டு கணுக்காலில் பட்டது. எழ முடியாமல் முழங்காலால் நகர்ந்து, அப்படியும் மட்டையை நீட்டி அடுத்த அடியையும் தடுத்தான். சேவியர் எழுந்து கூரை அதிரக் கத்தினான்: "விடாத மச்சான்! படுத்தெண்டாலும் நில்லு!" படுத்து எப்படி நிற்பது என்று நான் கேட்கவில்லை. நானும் நின்றுகொண்டிருந்தேன்.

சமநிலை. மேலதிக நேரம். வேறு பக்கத்தால், கு. ஓய்வில் இருந்தபோது, எதிரணியின் கோல் விழுந்தது. முடிந்தது.

மகிழ்ச்சி வருகிறதா என்று உள்ளே பார்த்தேன். வரவில்லை. அவன் மேல்சட்டைக் கழுத்தை வாயில் கவ்விக்கொண்டு இருந்த பலகையைக் காட்டினார்கள். ஐந்து வயதில் அழுகை வரும்போது செய்வது அது.

சேவியர்: "சரி, வீட்டை வாறான் அண்ணை. அதைப் பிடியுங்கோ."

நண்பகல் அழைப்பு. கணுக்கால் முறியவில்லை, வீக்கம் மட்டும். "டிக்கெட் பாத்திட்டன் அப்பா. சற்றர்டேக்கு முன்னம் வந்திடுவன்."

கு.வின் அறையைத் திறந்து காற்றாட விட்டேன். கட்டிலுக்கு விரிப்பு. ஒரு தலையணையைக் காணவில்லை. என் கட்டிலில் இரண்டாவதாகக் கிடந்தது, எடுத்துப் போட்டேன்.

பங்குனி 10, செவ்வாய்

மெல்லிய வெயில். மு.ப. ஒன்பதரைக்குக் கு. அழைத்தான். அடுத்தடுத்த நாள் அழைக்க மாட்டான். முகம் வேறாக இருந்தது. மழித்திருந்தான், அதனால் என்று முதலில் நினைத்தேன்.

"அப்பா, ஒரு திங் நடந்தது. செகண்ட் டிவிஷன் டீம் ஒண்டு ஃபோன் பண்ணினவை. நேற்றைய கேம் பாத்தவையாம். நான் படுத்துத் தடுத்தது."

"ம்."

"தங்களோட ஒரு வீக் ட்ரெயின் பண்ணட்டாம். தேர்ஸ்டேல இருந்து. கால் வீக்கத்தைத் தங்கட டொக்டர் பாப்பாராம். அவையின்ர டிஃபென்ஸ்ல ரெண்டு பேர் விட்டிட்டுப் போகினம். சரியெண்டா நெக்ஸ்ட் சீசனுக்கு கொன்ட்ராக்ட்."

"நீ என்ன சொன்னாய்?"

"அப்பாட்டக் கேக்கோணும் எண்டன்."

"சிரிச்சிருப்பாங்கள்."

"இல்ல. ஏன் எண்டு கேட்டவை. அம்மாக்கு ஒன் இயர் எண்டன். அப்ப கேளு எண்டு சொல்லிச்சினம்."

"வேற வீக் ஏலாதோ?"

"ஏலாது அப்பா. அவையின்ர சீசன் முடிஞ்சிடும். வேற ஆளும் பாக்கினம்." பிறகு மெதுவாக, "டிக்கெட் ஹோல்டில கிடக்கு. நான் வாறன் எண்டா வாறன். ஐ மீன் இட். நீங்கள் சொல்லுங்கோ. உங்கட புத்தகங்களில என்ன கிடக்கு? நான் செய்யாட்டி அம்மாக்கு ஏதும் பிழையோ?"

புத்தகங்களில் கிடப்பது எனக்குத் தெரியும். மகன் கை நீர் என்றால் என்ன, அதற்காக எத்தனை பேர் எத்தனை தவம் செய்தார்கள், சபையில் கண்ணீர் வரப் பயன் சொன்னவன் நான். ஆம் என்று ஒரு சொல் போதும். விமானத்தில் ஏறிவிடுவான். வழியில் ஒருமுறையும் என்னை நோவான் என்று தோன்றவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கொஞ்சம் பொறு. எடுக்கிறன்."

பிரம்பை எடுத்துக்கொண்டு கடற்குடாப் பக்கம் இறங்கினேன். வற்று நேரம். சேறு வெகுதூரம் வரை. ஒரு தகப்பன் சின்னப் பெண்ணோடு சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தான். எனக்கு நூல்கள் எதுவும் உதவவில்லை. உதவியது சனிக்கிழமைக் காலை. அந்தக் கோலும் அப்போது எனக்குள் எழுந்ததும். இவனை இங்கே இழுத்தால், வாழ்நாள் முழுவதும் அவன் ஒவ்வொரு முறை விழும்போதும் அதைப் போல ஒன்று எனக்குள் கண் விழிக்கும். அப்படி ஒருவன் கொடுப்பிக்கும் நீர் யாருக்குப் போய்ச் சேரும்?

மேட்டில் ஏறி வர மூச்சு வாங்கியது. வாசற்படியில் இருந்தபடியே அழைத்தேன்.

"நிண்டு ட்ரெயின் பண்ணு."

"அப்பா..."

"பிழை ஒண்டும் இல்லை. இஞ்ச நான் இருக்கிறன்."

"நீங்கள் தனிய."

"சேவியர் வருவான்."

"உண்மையா ஓகேயோ?"

"ஓம். காலுக்கு ஐஸ் வை." பிறகுதான் அவன் நாள் முழுவதும் ஐஸில்தான் நிற்கிறான் என்பது நினைவு வந்தது. அவனுக்கும் வந்திருக்கும். சிரித்தான். சிரிப்பு நடுவில் உடைந்தது. பிறகு அவன் வைத்துவிட்டான்.

குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல். அது எப்போதும் இருந்ததா? கு.வின் அறைக் கதவைச் சாத்தினேன். விரிப்பை எடுக்கவில்லை.

பங்குனி 12, வியாழன்

சாரல். வாங்கியவை: பூசணி, வாழைக்காய், பாகற்காய், பயற்றங்காய், உழுந்து, சவ்வரிசி. வாங்க மறந்தது: வாழையிலை. சேவியர் கொண்டுவருவதாகச் சொல்கிறான்.

"தவக்காலம் அண்ணை. எனக்கும் மரக்கறிதான். பயப்பிடாமல் குசினிக்க விடுங்கோ."

"உனக்கு வடை சுடத் தெரியுமோ?"

"ஓட்டை போடத் தெரியும். மிச்சம் நீங்கள்."

கு.விடமிருந்து ஒரு படம் வந்தது. புதிய மேல்சட்டை, பயிற்சிக்கு மட்டும் உரியது. பெயர் எழுதவில்லை, எண் மட்டும். பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். முழங்கால் வலி.

பங்குனி 14, சனி

வெயில், காற்றில்லை. முழுகி, வேட்டி மாற்றி, நெற்றியில் நீறு.

சேவியரும் நானும் விடியலிலிருந்து அடுப்பில். வடைகளில் பாதி வட்டமாக இல்லை. பாகற்காய் நன்றாக வந்தது. நாகேஸ்வரிக்குப் பாகற்காய் பிடிக்காது என்பது சமைத்த பிறகே ஞாபகம் வந்தது. சேவியரிடம் சொன்னேன். "அப்ப அக்காவுக்குப் பாயசம் கூட வைப்பம்" என்றான்.

நண்பகலுக்குப் பிறகு குருக்கள் வந்தார். கூடத்தில் கோலம், பாய், பிண்டத்துக்குச் சோறு, எள். தெற்கு எது என்று கொஞ்ச நேரம் வாதம். சேவியர் கைத்தொலைபேசியில் திசை பார்த்துச் சொன்னான். தர்ப்பை மோதிரத்தை என் விரலில் போட்டார் குருக்கள். சங்கற்பத்துக்கு வாயெடுத்தவர் நிறுத்தினார்.

"மகன் வெளியூர். அவருக்குப் பதிலா நீங்கள் செய்யிறியள். அப்பிடித்தானே சொல்லுறது?"

இந்த ஓராண்டு முழுவதும் அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். அவன் வருவான், அவன் கொடுப்பான், நான் ஓரமாக இருந்து பார்ப்பேன் என்று. அவள் போனதிலிருந்து ஒருமுறையாவது என் கையால் அவளுக்கு ஒரு துளி கொடுத்தேனா? படத்துக்குப் பூ வைத்தேன். மகனுக்காகக் காத்திருந்தேன்.

"பதிலா இல்லை ஐயா," என்றேன். "இவ என்ர மனுசி. புருசன் குடுக்கிறான் எண்டு சொல்லுங்கோ."

குருக்கள் என்னைப் பார்த்தார். தலையசைத்தார். அவ்வாறே சொன்னார்.

எள்ளும் நீரும் பெருவிரல் ஓரமாக இறங்கின. குருக்கள் கையைப் பிடிக்க வந்தார், வேண்டாமென்றேன். மூன்று முறை விட்டேன். அவள் பெயரை உரக்கச் சொன்னேன். வீட்டில் அந்தப் பெயரைக் குரல் எடுத்துச் சொல்லி எவ்வளவு காலம். சுவரில் பட்டுத் திரும்பியது.

வெளியே வைத்த சோற்றுக்கு மைனாக்கள் வந்தன. இந்நாட்டில் காகம் இல்லை. குருக்கள் "அதுவும் பறவைதான்" என்றார். வெற்றிலையும் தட்சணையும் பெற்று, வேறொரு வீட்டுக்கு நேரமாகிறதென்று புறப்பட்டார்.

சேவியர் இலைக்கு முன் இருந்து மூன்று முறை பாயசம் வாங்கினான். பிறகு சட்டிகளை மினுக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். பி.ப. நான்கு. வீடு அமைதி. அங்கே இன்னும் விடியவில்லை, கு. உறங்குவான். அவனை எடுப்பார்களா மாட்டார்களா தெரியாது. விடிந்தால் பனியில் இறங்குவான். இறங்கட்டும்.

இந்த ஏட்டை என்றேனும் கையில் எடுப்பவர் யாராயினும், அவர்க்கும் அவர் மனைக்கும்: உலை குறையாதிருக்கட்டும். பிள்ளைகள் போன இடத்தில் தரிக்கட்டும். வாசலில் பல சோடிச் செருப்புகள் எப்போதும் கிடக்கட்டும்.